எருக்கங்கோட்டை ஏட்டுப்புற்று

எங்கள் ஊர்ப் பேரூராட்சி அலுவலகத்துப் பதிவறையில் இருந்த நூறு வருஷத்துக் காகிதத்தையும் ஒரே மழைக்காலத்தில் கறையான் தின்று, தின்றதையெல்லாம் மண்ணாக்கி, ஓட்டுக் கூரையைப் பிளந்துகொண்டு இரண்டாள் உயரத்துக்குப் புற்றாக எழும்பி நின்றபோது, ஊர் ஒன்றும் திகைத்துவிடவில்லை. புற்று என்றால் முட்டை உடைக்க வேண்டும், உடைத்தார்கள். பால் ஊற்ற வேண்டும், ஊற்றினார்கள். மஞ்சள் பூசி வேப்பிலை சொருகி மூன்றாம் செவ்வாய்க்குள் ஏட்டுப்புற்று அம்மன் என்று பெயரும் வைத்து, அலுவலக வாட்ச்மேன் சோணையை, காவல் காத்த இடத்திலேயே பூசாரியாகவும் உட்கார வைத்துவிட்டார்கள். வயிறு எரிந்தது எனக்கு ஒருத்திக்குத்தான். அந்தப் புற்றுக்குள் என் அய்யா இருந்தார்.

என் பெயர் கனியம்மா. ஏலக்காரி கனி என்று கேட்டால்தான் எருக்கங்கோட்டையில் வழி சொல்வார்கள். ரோட்டோரத்துப் புளியமரம், கண்மாய் மீன், சந்தைச் சுங்கம், பஸ் ஸ்டாண்டு சைக்கிள் ஸ்டாண்டு, எது ஏலத்துக்கு வந்தாலும் முன்வரிசையில் நின்று கேட்பேன். பள்ளிக்கூடத்தில் படித்தது மூன்றாம் வகுப்பு. மீதியை இந்த ஊர் ஏசியும் துரத்தியும் சொல்லிக்கொடுத்தது. கோபம் வந்தால் எனக்குக் கண்ணு மண்ணு தெரியாது. ஆனால் பேரம் என்று உட்கார்ந்துவிட்டால் கோபத்தை இடுப்பில் சொருகிக்கொண்டு சிரிக்கத் தெரியும்.

என் அய்யா முத்திருளன் இந்த ஊருக்குத் தண்ணீர் திறந்துவிட்டவர். எழுபத்தொன்பதாம் வருஷம் வாந்திபேதி வந்து பதினோரு பேர் செத்தார்கள். குடித்துவிட்டுக் கிடந்து தொட்டியைப் பார்க்காமல் விட்டுவிட்டான் முத்திருளன் என்றார் அப்போது தலைவராக இருந்த ஆதிமூலம், ஊர் நம்பியது. வேலை போனது. அம்மா கடைக்குப் போனால் கை படாமல் சாமானை எறிந்தார்கள். அடுத்த வருஷமே அய்யா செத்தபோது தூக்க நாலு பேர் வராமல் தள்ளுவண்டியில் வைத்து நானும் அம்மாவும் தள்ளிக்கொண்டு போனோம், எனக்கு அப்போது பத்து வயசு, வண்டியின் ஒரு சக்கரம் கோணல், அதை நேராக்கி நேராக்கியே சுடுகாடு வந்துவிட்டது. சாகும்வரை அய்யா சொன்னது ஒன்றுதான்: "மூணு தடவை எழுதிக் குடுத்தேன். மூணு தடவை."

இப்போதைய தலைவர் வைரவநாதன் அந்த ஆதிமூலத்தின் மகன். பேரூராட்சிக்கு நூறு வயசாகிறது என்று நூற்றாண்டு மலர் போடக் கிளம்பினார். அதன் அச்சுப் படியை நான் பார்த்தேன். நாற்பத்தோராம் பக்கம்: 'தண்ணீர்த் தொட்டி ஊழியர் முத்திருளனின் குடியாலும் அலட்சியத்தாலும் பதினோரு உயிர்கள் பலியாயின.' ஊர் வாயில் பேசினால் ஒருநாள் மறக்கும். புத்தகத்தில் ஏறினால் என் பேரன் பேத்திக்கும் அதுதான் விலாசம். நேராகப் போய் நின்றேன்.

"அந்த வரியை எடுங்க தலைவரே."

"வரலாறும்மா கனி. வரலாற்றை நானா எழுதுனேன்?"

"பின்னே யாரு? நீங்க சொல்லச் சொல்ல உங்க மச்சினன் அச்சாபீஸ்ல குத்தவச்சு எழுதுனதை ஊரே பார்த்துச்சே."

"சரி, ஆதாரம் கொண்டா. உங்கப்பன் எழுதிக் குடுத்தான்னு ஒரு துண்டுக் காகிதம் காட்டு. எடுத்துடுறேன்."

அலுவலகத்துக்கு வரும் ஒவ்வொரு கடிதத்துக்கும் எண்ணும் தேதியும் போட்டு, என்ன விஷயம், தலைவர் என்ன சொன்னார் என்று எழுதி வைக்கிற தபால் பதிவேடு ஒன்று உண்டு. எழுபத்தொன்பதாம் வருஷத்துப் பதிவேட்டைக் காட்டச் சொல்லி மனுப் போட்டேன். இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது: 'கோரிய ஆவணம் கறையானால் அழிந்துவிட்டது.'

அந்தப் பதிலை மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு நான் சாபம் விட்டுக்கொண்டிருந்த நாட்களில்தான், சொறி பிடித்த ஒரு பெண் நோய் தீரப் புற்றுமண்ணைக் கிள்ளி நாக்கில் வைத்தாள். வைத்தவள் விழி அசையாமல், ஏற்ற இறக்கம் இல்லாமல், குமாஸ்தா படிப்பதுபோலச் சொன்னாள்: "வரவு எண் இருநூற்றுப் பதினான்கு. ஐம்பத்தோராம் வருஷம் ஆனி ஏழு. சந்தைப்பேட்டை வடபுறம் விளக்குக் கம்பம் சாய்ந்துள்ளது. நேரில் பார்க்கப்பட்டது." சொல்லிவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு, "காப்பித் தண்ணி இருக்கா?" என்று கேட்டாள். அவ்வளவுதான்.

மறுநாள் வரிசை நின்றது. ஒரு கிள்ளு மண்ணுக்கு ஒரு பதிவு; சொன்ன பதிவு மறுபடி வராது, அந்த மண் அதோடு தீர்ந்தது. முதியோர் பென்ஷனுக்கு வயசு தெரியாதவர்கள் வந்தார்கள், பிறந்த தேதியைப் பக்கத்து வீட்டுக்காரி வாயிலிருந்து கேட்டுக்கொண்டு போனார்கள். அண்ணன் என்று கூப்பிட்டவன் தம்பி என்று தெரிந்து ஒரு வீட்டில் மூன்று நாள் சமைக்கவில்லை. டீக்கடையில் கடலை மடிக்கிற காகிதத்தைக்கூட மரியாதையாகப் பார்க்க ஆரம்பித்தார்கள். வரப்புத் தகராறு உள்ளவர்கள் வந்தபோதுதான் சண்டை முற்றியது, தனக்கு வேண்டியதைத் தானே மண் தின்று சொல்கிறான், யார் கண்டது என்று. அப்போது ஊர்க் கூட்டம் போட்டு ஒரு கட்டுப்பாடு வைத்தார்கள்: தன் பக்கத்துச் சங்கதி தன் வாயிலிருந்து வந்தால் செல்லாது, எதிராளி வாயிலிருந்து வந்தால் செல்லும். அதன் பிறகு எருக்கங்கோட்டையில் பங்காளிகள் ஒருவர் வாயில் ஒருவர் மண்ணைத் திணிக்க ஓடியதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

இதையெல்லாம் எழுதி வைத்தது ஜெபமணி சார். முப்பது வருஷம் அந்தப் பதிவறைக்கு எழுத்தராக இருந்தவர், அறை போன பிறகு பார்க்க வேலையும் இல்லாமல் இருக்கையும் இல்லாமல், நாற்பது பக்க நோட்டை வாங்கிக்கொண்டு வந்து புற்றுக்கு எதிரே ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். யார் எதைச் சொன்னாலும் எழுதினார், சொன்னவரிடம் கையெழுத்து வாங்கினார், கைநாட்டுக்காரர்களுக்கு மைப்பெட்டி வைத்திருந்தார். கறையான் தின்ற ஊரை அவர் நோட்டு நோட்டாகத் திரும்பக் கட்டிக்கொண்டிருந்தார்.

ஒரு மத்தியானம் வரிசை இல்லாத நேரம் பார்த்து அவர் எதிரில் போய் நின்றேன்.

"சார், முப்பது வருஷம் கறையான் வராத ரூமுக்கு நான் மனுப் போட்ட மாசம் எப்படி வந்துச்சு?"

அவர் பேனாவை மூடினார், திறந்தார், மூடினார். "கருப்பட்டித் தண்ணி," என்றார். "இனிப்புக்குக் கறையான் வரும்னு நான்தான் ஊத்தினேன்."

கையில் இருந்த தேங்காயை அவர் தலையில் உடைக்காமல் இருந்ததற்கு இன்றைக்கும் எனக்குக் காரணம் தெரியாது.

"தலைவர் சொன்னார் கனியம்மா. அந்த ஒரு பதிவேட்டை வெளிய எடுத்து எரிச்சிடணும், அது மட்டும் இல்லாமப் போனா சந்தேகம் வரும், அதனால மிச்சத்தையும் கறையானுக்கு விட்டுடணும்னு. மக கல்யாணம் பேசி வச்சிருந்தேன். வேலையை விட்டுத் தூக்கிடுவேன்னார்."

"எரிச்சிட்டீங்களா?"

"தீப்பெட்டி வரைக்கும் எடுத்துட்டேன். கை வரல. கர்த்தர்மேல சத்தியமா கை வரல. ஈசானி மூலையில கீழ்த்தட்டுல திரும்ப வச்சிட்டு, எரிச்சாச்சுன்னு அவர்கிட்டச் சொல்லிட்டேன். அதுவும் புத்துக்குள்ளதான் இருக்கு. அந்த மூலை மண்ணு கொஞ்சம் சிவப்பா இருக்கும், எழுபத்தேழுல இருந்து மூணு வருஷப் பதிவேட்டைச் சேர்த்துச் சிவப்புத் துணியில கட்டியிருந்தேன்."

வைரவநாதனோ பதிவேடு சாம்பலாகிவிட்டது என்ற தெம்பில், புற்றுக்குத் தானே அறங்காவலராகி, கம்பிக் கதவு போட்டு, வாசலில் தன் பெயரைப் பெரிதாகவும் அம்மன் பெயரைக் கொஞ்சம் சின்னதாகவும் எழுதிவைத்து, மண் அள்ளுவதில் அடிதடி வருகிறது என்று சொல்லி மண்ணெடுக்கும் உரிமையை மூன்று வருஷத்துக்கு ஏலம் விட்டார். அவர் மச்சினன் எனக்கு எதிராகக் கேட்க வந்தான். அவனை ஓரமாகக் கூப்பிட்டேன்.

"மாப்பிள்ளை, உங்களுக்கு மண்ணு எதுக்கு? கண்மாய் மீனு, சந்தை, சைக்கிள் ஸ்டாண்டு மூணையும் விட்டுக்குடுத்துடுறேன். எனக்கு இந்த மண்ணை விடுங்க."

"என்ன ஆச்சு உங்களுக்கு? வயசாயிட்டா பக்தி வருமோ?"

"ஆமா, ஆத்தா கூப்பிடுறா."

அவன் ஓடிப்போய் அத்தானிடம் சொன்னான். வைரவநாதன் சத்தமாகவே சிரித்தார், எனக்குக் கேட்கட்டும் என்றே சிரித்தார். "குடுத்துடு. அவ வாயில என்ன வந்தாலும் எவன் நம்புவான்? அப்பன் சங்கதி மக வாயில செல்லாதுன்னு ஊர்க் கட்டுப்பாடே இருக்கு." முப்பது வருஷத்துச் சம்பாத்தியத்தை ஒரு கூடை மண்ணுக்கு விட்டேன் என்று என் மகன் ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. சந்தையில் பெண்கள் என்னைப் பார்த்து நெற்றிக்கு நேரே விரலைச் சுழற்றிக் காட்டினார்கள். காட்டட்டும்.

அன்றிலிருந்து ஜனங்களுக்கு மேற்குப் பக்கத்து மண்ணைக் கொடுத்தேன், ஈசானி மூலைச் சிவப்பு மண்ணை நான் தின்றேன். கதவுக்குப் பின்னால் ஜெபமணி சார் எழுத, காலையிலிருந்து கிள்ளிக் கிள்ளித் தின்றேன். மூன்றாம் வகுப்புக்காரி வாயிலிருந்து எழுபத்தேழாம் வருஷம் வந்தது, எழுபத்தெட்டு வந்தது, நாய் பிடிக்க ஆள் கேட்டவன் வந்தான், கக்கூஸ் கதவு இல்லை என்று எழுதிய டீச்சர் வந்தாள், கொடிக்கம்பத்துக்குக் கயிறு, சந்தையில் வழுக்கி விழுந்த கிழவி, திருவிழாவுக்கு ஒலிபெருக்கி, எல்லாம் வந்தது, பதிவு பதிவாக, எண் பிசகாமல். வயிறு கல்லாகக் கனத்தது. பிறகு ஒரு வெள்ளிக்கிழமை என் வாய் சொன்னது:

"வரவு எண் ஐந்நூற்று எண்பத்தெட்டு. எழுபத்தொன்பது, ஆவணி பன்னிரண்டு. அனுப்பியவர் தண்ணீர்த் தொட்டி ஊழியர் முத்திருளன். தலைவர் அவர்களின் ரைஸ்மில் களத்துக்கு அடியில் குடிநீர்க் குழாய் உடைந்து சாக்கடை கலக்கிறது. தோண்டிப் பார்க்க அனுமதி வேண்டும். தலைவர் பார்வைக்கு வைக்கப்பட்டது."

அழுகை வரவில்லை. என்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல ஆத்திரம்தான் வந்தது. செல்லாத வாயில் வந்து வீணாய்ப் போயிற்றே அய்யாவின் முதல் கடிதம்! இன்னும் இரண்டு இருக்கிறது. ஆவணிக்கு அப்புறம் புரட்டாசி. ஐப்பசியில் முதல் சாவு. கையைத் துடைத்தேன். அந்த மூலையில் மிச்சம் ஒரு கையளவு மண் இருந்தது. அதன்மேல் ஈரத்துணி போட்டு மூடி, பூட்டுப் போட்டுச் சாவியைத் தாலிக்கயிற்றில் முடிந்தேன்.

பங்குனிப் பொங்கல் வந்தது. கோயில் என்று ஆகிவிட்டால் பரிவட்டம் வந்துவிடும்; பரிவட்டம் வந்தால் முதலில் யாருக்கு என்ற பேச்சு வந்துவிடும். ஆதிமூலம் குடும்பம் வேறு மூன்று கோயில்களில் முதல் மரியாதைக்காகக் கோர்ட் படி ஏறிய குடும்பம். வைரவநாதன் தன் தலையில் பரிவட்டப் பட்டைக் கட்டச் சொல்லி, முதல் மண்ணும் தனக்கே என்றார். நான் குனிந்து கும்பிட்டேன்.

"உங்களுக்கு இல்லாமலா தலைவரே. ஊருக்குக் குடுக்கிற மாதிரி உங்களுக்கும் ஒரு கிள்ளு."

"ஊருக்கு ஒரு கிள்ளு, எனக்கும் ஒரு கிள்ளா?"

"வேற எப்படி? ஆத்தாளுக்கு எல்லாரும் ஒண்ணுதானே."

"ஏய், அறங்காவலர் நான். எலுமிச்சம்பழம் அளவுக்கு உருண்டை பிடி. எங்கப்பா இந்த ஊருக்குப் பள்ளிக்கூடம் கட்டினது, ரோடு போட்டது எல்லாம் என் வாயாலயே ஊர் கேக்கட்டும்."

"அது வழக்கத்துல இல்லையே தலைவரே..."

"வழக்கத்தை உண்டாக்குறதே நான்தான்."

இந்த மாதிரி ஒரு பேரம் என் ஆயுசில் படிந்ததில்லை. கொடுக்க நினைத்ததை, கொடுக்க மாட்டேன் என்று சொல்லி, அவரே கேட்டு வாங்க வைத்துவிட்டேன்.

காலை வெயிலில், கொட்டும் நாதஸ்வரமும் முழங்க, ஊரே நெருக்கியடித்து நிற்க, சோணை பரிவட்டம் கட்டினான். நான் மூலைமண் முழுவதையும் தண்ணீர் தெளித்து உருண்டையாகப் பிடித்து வெற்றிலையில் வைத்து நீட்டினேன். வைரவநாதன் வாயில் போட்டு மென்றார். கொட்டுக்காரர்கள் நிறுத்தினார்கள். ஜெபமணி சார் பேனாவைத் திறந்தார்.

விளக்குக்கு மண்ணெண்ணெய் கேட்டது வந்தது. சந்தைக் கூரை ஒழுகியது வந்தது. ஜனங்கள் கொட்டாவி விட்டார்கள். பிறகு, உணர்ச்சி இல்லாத அந்தக் குரலில், தலைப்பாகை நேராக நிற்க, வைரவநாதன் சொன்னார்:

"வரவு எண் அறுநூற்று ஏழு. புரட்டாசி மூன்று. முத்திருளன். தண்ணீர் நாறுகிறது, திறந்துவிட மனம் ஒப்பவில்லை, குழாயைத் தோண்ட இரண்டாம் முறையாகக் கேட்கிறேன். தலைவர் குறிப்பு: களத்துக்கு இப்போதுதான் சிமெண்ட் பூசியிருக்கிறது, நெல் காய்கிறது, தை மாதம் பார்க்கலாம்."

யாரோ ஒரு குழந்தையின் வாயைப் பொத்தினார்கள். அவர் மென்றுகொண்டே இருந்தார், நிறுத்த முடியாது, உருண்டை பெரிது. நாய் பிடித்தது, சாக்கடை மூடி, கொடிமரத்துக்குச் சுண்ணாம்பு. அப்புறம்:

"வரவு எண் அறுநூற்று முப்பத்தொன்று. ஐப்பசி ஒன்று. முத்திருளன். ஜனங்கள் செத்துப்போவார்கள் என்பதால் வால்வை நானே மூடிவிட்டேன், சாவி என்னிடம் இருக்கிறது, என்ன தண்டனை கொடுத்தாலும் சரி. தலைவர் குறிப்பு: பூட்டை உடைக்கவும். என் முன்னிலையில் வால்வு திறக்கப்பட்டது. இவனை வேலையை விட்டு நீக்கவும். குடித்திருந்தான் என்று எழுதவும்."

அதன் பிறகு பதினோரு சாவுக்கும் பதினோரு எண். பெயர், வயசு, தெரு. கடைசிப் பெயர் முடிந்ததும் அவர் கண்ணிமைத்து, சுற்றிலும் பார்த்து, "பள்ளிக்கூடம் வந்துச்சா?" என்று கேட்டார்.

ஜெபமணி சார் நோட்டை நீட்டினார். "சொன்னவர் கையெழுத்து." வைரவநாதன் எழுதியிருந்ததைப் படித்தார், முகம் கறுத்தது. "அம்மன் பேசினதுக்கு நான் ஏன் கையெழுத்துப் போடணும்? கையெழுத்து இல்லாத பதிவு மலர்ல ஏறாது. நாற்பத்தோராம் பக்கம் அப்படியேதான் போகும்," என்று நோட்டைத் தள்ளிவிட்டுப் படியிறங்கினார்.

அப்போது செல்லக்கிளி வந்தாள். பதினோரு பேரில் இரண்டு பேர் அவள் பிள்ளைகள். என் அம்மா முகத்தில் காறித் துப்பியவள் அவள். அபிஷேகத்துக்குக் கொண்டுவந்த சொம்பை இரண்டு கையாலும் நீட்டினாள்.

"இவ்வளவு நேரம் பேசினீங்க. வாய் வறண்டிருக்கும் தலைவரே. தண்ணி குடிங்க."

ஊர் பார்க்கிறது. அவர் குடித்தார். அவள் கடைசி மடக்கு இறங்கும்வரை அவர் தொண்டையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அன்றிலிருந்து எருக்கங்கோட்டையில் அவருக்குத் தண்ணீர் கொடுக்காதவர்கள் இல்லை. ஒருவர் ஏசவில்லை, கல் எறியவில்லை. அவர் கார் நின்றால் கண்ணாடி ஓரம் ஒரு டம்ளர் வந்தது; கல்யாண வீட்டில் சந்தனத்துக்கு முன் சொம்பு வந்தது; சலூனில் பாதிச் சவரத்தில், பேங்கில், பஞ்சாயத்துக் கூட்டத்தில் தீர்மானம் வாசிக்கும்போது, "தண்ணி குடிங்க தலைவரே," என்று வாஞ்சையாக நீட்டினார்கள், குடித்து முடிக்கும்வரை நின்று பார்த்தார்கள். வேண்டாம் என்றால், "ஏன், நம்ம ஊர்த் தண்ணிதானே," என்றார்கள். அதற்கு மேல் அவரால் மறுக்க முடியவில்லை. சட்டை தொளதொளத்துப்போனது. தும்பைப்பூ மாதிரி வேட்டி கட்டியவர் அதைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தார்.

பத்தொன்பதாம் நாள், உச்சி வெயிலில், புளி மண்டியில் நான் கொட்டை தட்டிக்கொண்டிருந்தபோது தனியாக வந்தார். வேட்டியைப் பிடித்த கையை விடவில்லை.

"கனி, அந்த வரியை எடுத்துடுறேன். அச்சாபீஸ்க்கு ஆள் அனுப்பிட்டேன்."

"எடுக்க வேணாம்."

"பின்னே?"

"அந்த வரி அப்படியே இருக்கட்டும். இதை உங்கப்பா எழுதச் சொன்னார்னு அதுக்குக் கீழ வரணும். அதுக்குக் கீழ மூணு கடிதமும், எண்ணோட, தேதியோட. அதுக்குக் கீழ, சொன்னவர் ஆதிமூலம் மகன் வைரவநாதன்னு உங்க கையெழுத்து."

"முதல் கடிதத்தை நான் சொல்லலையே. உன் வாய்ல வந்ததுன்னு கேள்விப்பட்டேன். அது செல்லாது."

பாருங்கள், அந்த நிலைமையிலும் பேரம்! உள்ளுக்குள் கொஞ்சம் மெச்சிக்கொள்ளக்கூடச் செய்தேன்.

"செல்லும்னு எழுதி அதுக்கும் சேர்த்து நீங்களே கையெழுத்துப் போடுறீங்க. இல்லேன்னா போய்ட்டு வாங்க."

"நோட்டைக் கொண்டுவரச் சொல்லு," என்றார். ஜெபமணி சாரைக் கூப்பிட்டு அனுப்பினேன். மூன்று இடத்தில் கையெழுத்துப் போட்டார். கடைசிக் கையெழுத்தில் பேனா தாளைக் கிழித்தது. நோட்டை நான் வாங்கி, ஈரம் காய ஊதி, அய்யாவின் பெயர் இருந்த இடத்தில் விரலை வைத்துப் பார்த்துவிட்டு, சாரிடம் கொடுத்தேன்.

"இனிமே நிறுத்தச் சொல்லுவியா?" என்றார். குரலே இல்லை அவரிடம். "நீ சொன்னாக் கேப்பாங்க கனி. தண்ணியை நிறுத்தச் சொல்லு."

"நான் பேரம் பேசினது வரிக்கு மட்டும்தானே தலைவரே. தண்ணியைப் பத்தி நாம பேசவே இல்லையே," என்று எழுந்து, புளிக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, "வெயில்ல வந்திருக்கீங்க, உக்காருங்க," என்று சொல்லிவிட்டு, உள்ளே போய்ச் சொம்பை நிறைத்தேன்.